பத்தொன்பது சென்டிமீட்டர்

மதகைத் திறக்கக் கை வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். அந்தக் கையின் மணிக்கட்டு பத்தொன்பது சென்டிமீட்டர் சுற்றளவு இருந்தாக வேண்டும் என்று கண்டுபிடித்தது எங்கள் அலுவலகம். நைல் டெல்டாவில் வேறெந்த அலுவலகத்துக்கும் இந்தப் பெருமை கிடையாது. நான் அங்கே எழுத்தர், பெயர் வஜீஹ். உஸ்தாத் வஜீஹ் என்று கூப்பிடுவார்கள். மரியாதையெல்லாம் ஒன்றுமில்லை, அவர்களுக்குக் காரியம் ஆக வேண்டும், அதனால்.

அலுவலகத்தின் பெயர் கிளைக் கால்வாய்கள் நேர ஒழுங்கு இயக்ககம். பெரிய கால்வாயில் வரும் தண்ணீரைக் கிளைகளுக்கு முறை வைத்து விடுவது எங்கள் வேலை. நாலு நாள் பாய்ச்சல், ஆறு நாள் காய்ச்சல். பதினாலு மதகு, பதினாலு மதகுக்காரர். அதிகாலைத் தொழுகை முடிந்ததும் போய்ச் சக்கரத்தைச் சுற்றி ஷட்டரைத் தூக்குவார்கள், தண்ணீர் போகும். இதில் கெடுப்பதற்கு என்ன இருக்கிறது என்று நினைப்பீர்கள். நானும் பதினெட்டு வருஷம் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

போன குளிர்காலத்தில் ஏதோ ஒரு விழாவுக்காக டெலிவிஷன்காரர்கள் வந்து மதகு திறப்பதைப் படம் பிடித்தார்கள். சக்கரத்தைச் சுற்றிய ஆளின் கைக்கடிகாரம் முழங்கை வரை வழுக்கி ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது. கெய்ரோவில் மேலிடத்தில் யாரோ அதைப் பார்த்துச் சிரித்துவிட்டு ஒரு வரியில் கடிதம் எழுதினார்: ஊழியர்கள் தங்கள் மணிக்கட்டுக்குப் பொருத்தமான கடிகாரம் அணியக் கூடாதா? நியாயமான கேள்விதான். அந்த ஒரு வரிக்கு எங்கள் இயக்குநர், பொறியாளர் மித்ஹத் பாஷா, எழுபத்திரண்டு பக்கத்தில் பதில் தயாரித்தார். அதற்கு மணிக்கட்டுப் பொருத்த விதிகள் என்று பெயர்.

விதிகளைக் குறை சொல்ல மாட்டேன். நல்ல விஷயமெல்லாம் அதில் இருந்தது. மணிக்கட்டு எலும்புக்கு மேலே நாடாவைச் சுற்றி அளக்க வேண்டும். பட்டையைப் பிடித்திருக்கும் காதுகள் இரண்டும் மணிக்கட்டின் விளிம்பைத் தாண்டக் கூடாது. பட்டைக்கும் தோலுக்கும் நடுவே ஒரு விரல் போக வேண்டும். பின்னால் ஒரு அட்டவணை: பதினாறு சென்டிமீட்டர் கைக்கு முப்பத்தாறு மில்லிமீட்டர் டயல், பதினேழுக்கு முப்பத்தொன்பது, இப்படியே போய்ப் பத்தொன்பதுக்கு நாற்பத்தாறு. எந்தக் கடைக்காரனும் ஓசியில் சொல்லிக் கொடுக்கும் சங்கதிதான். ஆனால் இது முத்திரை குத்திய சங்கதி.

விதிகள் அச்சாகி வருவதற்குள் கடிகாரங்கள் வந்துவிட்டன. முந்நூறு. எல்லாமே நாற்பத்தாறு மில்லிமீட்டர், கறுப்பு, டயல் தேநீர்க் கிளாஸின் வாய் அளவு. நான் அட்டவணையையும் பெட்டியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு இயக்குநர் அறைக்கு ஓடினேன்.

"பாஷா, நம்ம மதகுக்காரங்க எல்லாம் ஒல்லிக் கைக்காரங்க. இந்த வாட்ச் ஒருத்தருக்கும் சேராதே."

மித்ஹத் பாஷா என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "வஜீஹ், இந்த வாட்ச் ஒப்பந்தக் கமிட்டி பாஸ் பண்ணுனது. கணக்காயர் பாஸ் பண்ணிட்டாரு. கெய்ரோவும் பாஸ் பண்ணிட்டாங்க. இந்த ஆளுங்களோட மணிக்கட்டை யாராவது பாஸ் பண்ணியிருக்காங்களா?"

இல்லை என்று ஒப்புக்கொண்டேன்.

"அப்ப தப்பு எதுலன்னு நீயே சொல்லு," என்றார்.

மே மாதக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அளவெடுப்பு. கமிட்டியில் மூன்று பேர். தலைவர் மித்ஹத் பாஷா. மருத்துவ உறுப்பினர் டாக்டர் இக்லாஸ், கால்நடைத் துறையிலிருந்து இரவல் வாங்கிய அம்மாள். மாட்டு டாக்டரா என்று யாரும் கேட்கவில்லை, எலும்பு எலும்புதானே. செயலாளர் நான். நாடா டாக்டரின் கையில், பேனா என் கையில். அளவை உரக்கப் படித்துக் காட்ட வேண்டும் என்பது விதி, அதனால் நான் மாற்றி எழுதியிருக்கலாமே என்று யாரும் இப்போது வந்து எனக்குப் புத்தி சொல்ல வேண்டாம்.

முதலில் அதிகாரிகள். அவர்களைக் கோட்டுடன் அளக்க வேண்டும் என்று ஒன்பதாவது விதி சொல்கிறது. பாஷாவின் கை கோட்டு, சட்டை, உள்ளே கம்பளிப் பனியன் எல்லாம் சேர்ந்து இருபது வந்தது. என்னைப் போன்ற எழுத்தர்களுக்குச் சட்டைக் கையை நான்காக மடித்து அதன்மேல் அளந்தார்கள், பத்தொன்பதரை. மதகுக்காரர்களுக்கு வெறும் தோல்.

எட்டாவது ஆளாக வந்தவர் அப்துல் மவ்ஜூத். ஐம்பத்தாறு வயது, முப்பது வருஷமாக எங்கள் கடைசிக் கிளையின் மதகுக்காரர். அந்தக் கிளையில் அறுபது குடும்பத்தின் நாற்றங்கால் இருபது நாள் பயிராக நின்றது. அடுத்த முறைத் தண்ணீர் மறுநாள் திங்கட்கிழமை வர வேண்டியது. ஏற்கெனவே ஆறு நாள் காய்ந்திருந்தது.

டாக்டர் இக்லாஸ் நாடாவைச் சுற்றினார். "பதினஞ்சு புள்ளி எட்டு."

எழுதினேன்.

"தகுதி இல்லை," என்றார் மித்ஹத் பாஷா.

"எதுக்குங்க தகுதி இல்ல, பாஷா?"

"நேரத்துக்கு. வாட்ச் இல்லாதவன் பதிவேட்டுல திறந்த நேரம் எழுத முடியாது. நேரம் எழுதாம மதகைத் திறக்க முடியாது. உன் சக்கரத்துக்கு இன்னிக்கே சங்கிலி போட்டு ஈய முத்திரை வெச்சிடுவாங்க."

அப்துல் மவ்ஜூத் சிரித்துவிட்டார், பாவம், பிரச்சினை இவ்வளவுதானா என்று. தன் இடது கையை நீட்டினார். "எங்கிட்ட வாட்ச் இருக்குங்களே. எம்மவன் ஸாபிர் ஜோர்டான்ல, அம்மான்ல வேலை பாத்து அனுப்புனது. ஒரு நிமிஷம் தப்பாது."

டாக்டர் இக்லாஸ் குனிந்து பார்த்தார். அந்த அம்மாளுக்குத் தொழில் பக்தி உண்டு. "காது ரெண்டும் எலும்புக்கு உள்ள நிக்குது. விரலும் சரியா போகுது. பாஷா, நம்ம விதியில சொன்ன பொருத்தம் இதுதான். நானே இப்பத்தான் கண்ணால பாக்குறேன்."

"அருமை," என்றார் மித்ஹத் பாஷா. "கழட்டு."

கழற்றினார். அதற்கு அரசாங்கக் கழுகு முத்திரை குத்திய ரசீது கொடுத்தோம். கடிகாரத்தைக் கண்ணாடி அலமாரியில் வைத்து, கீழே நான் என் கையெழுத்திலேயே ஓர் அட்டை எழுதி வைத்தேன்: சரியான அளவு, மாதிரிக்கு மட்டும்.

"அப்ப மதகு என்னங்க ஆகுறது?"

"உன் வாட்ச் காட்டுறது தனியார் நேரம், அப்துல் மவ்ஜூத். அரசாங்கத் தண்ணிய தனியார் நேரத்துல திறந்தா நாட்டோட கதி என்ன ஆகுறது? ஞாயிறும் வியாழனும் கமிட்டி உக்காரும். கையை வளத்துக்கிட்டு வா. நாங்க யாரையும் ஒதுக்கல, எல்லாருக்கும் வாய்ப்பு குடுக்குறோம்."

"பட்டையில இன்னும் ரெண்டு ஓட்டை போட்டா இந்தப் பெரிய வாட்சே எனக்கு நிக்குமுங்களே."

"அரசாங்கச் சொத்துல ஓட்டை போடுவேன்னு கமிட்டி முன்னாடியே சொல்றான். வஜீஹ், இதை எழுதாத. பாவம், குடும்பஸ்தன்."

அதுதான் பாஷாவின் இரக்கம். நிஜமாகவே அவர் அதை இரக்கம் என்றுதான் நம்பினார்.

பதினாலு பேரில் இருவர் தேறினார்கள். ஒருவர் கறிக்கடைக்காரரின் தம்பி, மற்றவருக்குப் பல வருஷமாக மூட்டு வீக்கம். எண்ணிக்கையை விழுக்காடாக மாற்றிக் கெய்ரோவுக்கு அனுப்பினோம். முதற்கட்ட வெற்றி என்று தலைப்புப் போடச் சொன்னார்கள், போட்டேன்.

புதன்கிழமை அந்தப் பக்கம் முத்திரைகளைச் சரிபார்க்கப் போனபோது அப்துல் மவ்ஜூத் வீட்டில் தேநீர் குடித்தேன். அவர் மனைவி, ஸாபிரின் தாய் என்பதால் உம் ஸாபிர், முற்றத்தில் உட்கார்ந்து வாத்தை மடியில் இடுக்கி, வாயைப் பிளந்து, ஊறிய சோளத்தை விரலால் தள்ளித் தள்ளித் திணித்துக்கொண்டிருந்தாள். எங்கள் பெண்கள் வாத்தைக் கொழுக்க வைப்பது அப்படித்தான். புருஷனுக்கும் அதே வைத்தியம் நடப்பது கொஞ்ச நேரத்தில் தெரிந்தது. நெய்யில் மிதக்கும் அடுக்கு ரொட்டியும் ஒரு சட்டிப் பாலேடும் அவர் முன்னால் இருந்தன.

"சாப்பிடு, அபூ ஸாபிர்."

"முடியல."

"வாத்து முடியலன்னு சொல்லுதா? நாலு நாள்ல கழுத்து எப்படி ஆயிடுச்சு பாரு. நீ திங்குறதெல்லாம் வயித்துக்குத்தான் போகுது. கைக்குப் போன்னு சொல்லு."

"வயிறு கேட்டாத்தானே."

உம் ஸாபிர் என் பக்கம் திரும்பினாள். "உஸ்தாத், வயித்துல கட்டுற வாட்ச் ஒண்ணும் வரலையா?"

சிரித்தேன். அந்த நேரம் அப்துல் மவ்ஜூத்தின் அக்கா நபவிய்யா வந்தாள். புருஷனை இழந்தவள், அரை ஃபத்தான் நிலம், ஏறக்குறைய அரை ஏக்கர், அதில் வருகிற அரிசிதான் வருஷத்துக்குச் சாப்பாடு. முழு நாற்றங்காலின் நிலையும் தெரியும்படி ஒரு பிடி நாற்றை வேரோடு பிடுங்கி வந்திருந்தாள். நுனி சுருண்டு, வேரில் ஒட்டிய மண் ஓடாய்க் காய்ந்திருந்தது. அதைத் தம்பியின் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"மதகு உன் வீட்டு வாசல்ல இருக்கு. நீ இங்க உக்காந்து பாலேடு நக்குற."

"அக்கா, முத்திரை வெச்சிருக்காங்க."

"முப்பது வருஷம் திறந்த கைதானே அது? இப்ப மட்டும் சின்னதாப் போச்சா?"

"எப்பவும் இந்த அளவுதான். இப்பத்தான் அளந்தாங்க."

நபவிய்யா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "அளந்தது இந்த ஆளா?"

"நான் இல்லம்மா, டாக்டர்தான். நான் எழுதுறவன் மட்டும்," என்றேன்.

"அப்ப நீங்களும் சாப்பிடுங்க," என்று ரொட்டித் தட்டை என் பக்கம் தள்ளிவிட்டுப் போனாள். தேநீரை முடிக்காமல் எழுந்து வந்தேன்.

வியாழக்கிழமை அப்துல் மவ்ஜூத்தை அளந்ததில் பதினாறு புள்ளி ஒன்று. கமிட்டியில் மகிழ்ச்சி. டாக்டர் இக்லாஸ் எருமைக் கன்றுகூட நாலு நாளில் இந்த வேகத்தில் தேறாது என்றார். மித்ஹத் பாஷா கணக்குப் போட்டு, இதே வேகத்தில் போனால் ஒன்றரை மாதத்தில் பத்தொன்பதைத் தொட்டுவிடலாம் என்றார்.

"ஒன்றரை மாசத்துல நாத்து இருக்காது, பாஷா. ஞாயித்துக்கிழமைக்கு மேல தாங்காது," என்றார் அப்துல் மவ்ஜூத்.

"நாத்து வேற இலாகா," என்றார் பாஷா. பிறகு கோட்டைச் சரிசெய்துகொண்டு கொஞ்சம் பேசினார். "இதோ பாரு, நானும் விவசாயி மகன்தான். எங்க அப்பா காலத்துல யாரு நேரம் பாத்தாங்க? தண்ணி வந்துச்சு, போச்சு, விளைஞ்சுச்சு. ஆனா எத்தனை மணிக்கு வந்துச்சுன்னு கேட்டா ஒருத்தனுக்கும் தெரியாது. அந்த மாதிரி விளைச்சல் நமக்கு எதுக்கு? நேரம் தெரியாம விளையுற நெல்லை விட, நேரத்தோட காயுற நெல்லு நாட்டுக்குக் கவுரவம்."

இதை நான் குறிப்பில் எழுதினேன். அவரே வாங்கிப் படித்து, கவுரவம் என்ற சொல்லின் கீழே கோடு போட்டுக் கையெழுத்திட்டார்.

"எனக்கும் ஒரு கோட்டு மேல அளந்தா என்னங்க? மாப்பிள்ளை கோட்டு வீட்டுல கிடக்கு," என்று கேட்டார் அப்துல் மவ்ஜூத். கிண்டலே இல்லை, மனிதர் நிஜமாகத்தான் கேட்டார்.

"கோட்டு நாலாம் நிலை அதிகாரிக்கு மேலதான். கோட்டு போட்டுட்டு எல்லாரும் பெரிய கையாயிட்டா அப்புறம் சக்கரத்தைச் சுத்துறது யாரு?"

ஞாயிற்றுக்கிழமை காலை அவர்தான் முதல் ஆள். இடது கையை ஒரு துண்டில் சுற்றி, நெஞ்சோடு அணைத்தபடி வந்தார். துண்டை விலக்கினார். மணிக்கட்டு கத்திரிக்காய் நிறத்தில் வீங்கி, எலும்பு இருக்கும் இடமே தெரியவில்லை. விரல்கள் மடங்கவில்லை.

டாக்டர் இக்லாஸின் கையிலிருந்த நாடா கொஞ்சம் இறங்கியது. "என்ன ஆச்சு?"

"கழுதை உதைச்சிடுச்சு. அளங்க டாக்டர்."

அவரிடம் கழுதை கிடையாது என்பது எனக்குத் தெரியும். மதகுத் திண்டின் மேல் இடது கையை வைத்து, வலது கையால் கரைக்கல் ஒன்றைத் தூக்கித் தானே போட்டுக்கொண்டார் என்று உம் ஸாபிர் பின்னால் சொன்னாள். ஒரு தடவையில் போதவில்லையாம். இரண்டாவது தடவை போடும்போது அவள் பக்கத்தில்தான் நின்றாள். நிறுத்தவில்லை, நிறுத்த வாய் வரவில்லை என்றாள்.

நாடா சுற்றியபோது அவர் உதட்டைக் கடித்துக்கொண்டார்.

"பத்தொம்பது புள்ளி நாலு," என்று படித்தார் டாக்டர்.

"எலும்பு உடைஞ்சிருக்கும் போல இருக்கே, டாக்டர். கொஞ்சம் பாருங்களேன்," என்றேன் நான். அந்த அறையில் நான் சொன்ன ஒரே உருப்படியான வார்த்தை அது.

"மனுஷக் கைக்கு வைத்தியம் பாக்க எனக்கு அதிகாரம் இல்லை, உஸ்தாத். அளக்க மட்டும்தான்."

மித்ஹத் பாஷா எழுந்து வந்து அப்துல் மவ்ஜூத்தின் தோளில் தட்டினார். பாஷாவின் கண்ணில் நீர் நின்றது, பொய்யில்லை. "மூணே மூணு சென்டிமீட்டர். மூணே நாள். இந்த மண்ணு மேல நம்பிக்கை வைக்காதவங்க இங்க வந்து இந்தக் கையைப் பாக்கணும். உங்கிட்ட இருந்ததெல்லாம் மனசுல குறை, அப்துல் மவ்ஜூத், மணிக்கட்டுல இல்லை. நான் முதல் நாளே கண்டுபிடிச்சிட்டேன்."

பாஷாவே தன் கையால் கடிகாரத்தைக் கட்டினார். காதுகள் விளிம்பைத் தாண்டவில்லை. பட்டைக்கும் தோலுக்கும் நடுவே விரல் போகவில்லை, அதனால் ஒரு ஓட்டை தளர்த்தினார். அந்த நேரத்தில் அப்துல் மவ்ஜூத் முகம் சாம்பலாகி, நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார். படம் எடுத்தோம். இயக்ககத்தின் சுவரில் இன்றைக்கும் அந்தப் படம் தொங்குகிறது.

முத்திரையை உடைக்க நான் கூடப் போக வேண்டும். டோக்டோக் ஆட்டோ பிடித்து மதகுக்குப் போனோம். கரையில் ஊரே நின்றது. யாரும் சக்கரத்தைத் தொடக் கூடாது, அளக்காத கை பட்டால் வழக்கு என்று நான்தான் படித்துக் காட்டினேன். அப்துல் மவ்ஜூத் வலது கையாலும் நெஞ்சாலும் தள்ளித் தள்ளிச் சுற்றினார். வழக்கமாகக் கால் மணி நேர வேலை. அன்றைக்கு ஒன்றே முக்கால் மணி நேரம் ஆனது. நபவிய்யா தலைத்துணியின் நுனியை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டு நின்றாள். தண்ணீர் ஷட்டருக்கு அடியில் பிய்த்துக்கொண்டு வந்தபோது யாரும் கை தட்டவில்லை, எல்லோரும் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வயலுக்கு ஓடினார்கள். அவர் கடிகாரத்தைப் பார்த்தார். "பதினொண்ணு இருபது," என்றார். எழுதிக்கொண்டேன்.

நாற்றில் பாதி பிழைத்தது. பள்ளத்தில் இருந்தது பிழைத்தது, மேட்டில் இருந்தது போனது. நபவிய்யாவுடையது பள்ளம். அந்த மட்டும் அல்லாஹ் கண் திறந்தான்.

கையை ஊர் எலும்பு கட்டுகிறவர் மூங்கில் வைத்துக் கட்டினார். விரல்கள் பாதிதான் மடங்கின. ஆனால் வீக்கம் வடிந்துகொண்டே வந்தது, அதை யார் நிறுத்த முடியும்? மூன்று வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை கமிட்டி மறுஅளவெடுப்பு நடத்தியது. கடிகாரம் அவருடைய கையில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

"பதினாறு புள்ளி ரெண்டு," என்றார் டாக்டர்.

மித்ஹத் பாஷாவுக்கு மனம் உடைந்துவிட்டது. "குடுத்த நம்பிக்கையைக் காப்பாத்தத் தெரியல பாரு," என்று கடிகாரத்தைக் கழற்றிப் பெட்டியில் வைத்தார். சங்கிலியும் முத்திரையும் அன்றைக்கே மறுபடி சக்கரத்தில் ஏறின. வெள்ளிக்கிழமை முறைத் தண்ணீர், நடவுத் தண்ணீர். பிழைத்த பாதி நாற்றைப் பிடுங்கி நட வேண்டிய வாரம் அது.

பாஷாவும் டாக்டரும் சாப்பாட்டுக்குப் போன பிறகும் அப்துல் மவ்ஜூத் என் மேசைக்கு எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். தேநீர் வரவழைத்தேன். கிளாஸை வலது கையால் எடுத்துக் குடித்தார். இடது கை மடியில் கிடந்தது.

"உஸ்தாத், ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க."

"விதியில எந்தக் கையின்னு போட்டிருக்கா?"

எனக்குப் புரியாமல் இல்லை. இருந்தும் புத்தகத்தைப் புரட்டினேன். எழுபத்திரண்டு பக்கத்தையும் மெதுவாகப் புரட்டினேன், எங்கேயாவது இடது கை மட்டும் என்று ஒரு வரி இருந்துவிடாதா என்று. இருந்தால் அவருடைய வலது கை தப்பும், ஊரின் நெல் போகும். இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதும் எனக்குத் தெரியும். பொய் சொல்லியிருக்கலாம். நான் சொல்லவில்லை, பதினெட்டு வருஷ வேலைப் பழக்கம் என்னை விடவில்லை. விதியில் இருந்தது ஊழியரின் மணிக்கட்டு என்பது மட்டும்தான்.

"எந்தக் கையின்னு போடல," என்றேன்.

கிளாஸை மேசையில் வைத்தார். "சரிங்க உஸ்தாத். வியாழக்கிழமை வர்றேன்."

அவர் படியிறங்கிப் போன பிறகு வியாழக்கிழமைப் பட்டியலை எடுத்து அப்துல் மவ்ஜூத்தின் பெயரை முதலாவதாக எழுதினேன். அந்தக் கையோடு மனிதர் வரிசையில் காத்திருக்க வேண்டாமே.